சத்தம் வராத கீபோட்டும் பேசாத அண்ணன் தம்பியும்

ஆமிக்காரப் பெடியன் கீபோட்டின் வெள்ளைக் கட்டை ஒன்றை அமத்தினான். சத்தம் வரவில்லை. பக்கத்துக் கறுப்புக் கட்டையை அமத்தினான். அதுவும் வாய் திறக்கவில்லை. பிறகு இரண்டு கையையும் விரித்து ஒரே அமத்தாக அமத்திவிட்டு, குனிந்து காதை அதன்மேல் வைத்துக் கேட்டான். நெஞ்சுச் சளி பார்க்கும் டொக்டர் மாதிரி இருந்தது.

"சத்தே நேனே!" என்றான் நிமிர்ந்து. சத்தமே இல்லையே என்று அர்த்தம்.

நிலாவெளிக்கு அங்கால், கரையோர வீதியில் ஒரு சோதனைச் சாவடி. காலை வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. நசீர் நானாவின் ஓட்டோவின் பின்சீற்றில் நானும் என் கணவர் யோகனும் இருந்தோம். இருந்தோம் என்பதைவிடச் செருகப்பட்டிருந்தோம் என்பதே சரி. யோகனின் மடியில் கணினிப் பெட்டி. என் மடியில் பழைய காலத்துப் பெரிய கண்ணாடித் திரை, படுக்கை விரிப்பால் சுற்றியபடி. காலடியில் ஒலிபெருக்கி, மைக், பாம்புக் குட்டிகள் மாதிரி வயர்கள்.

வயர் தொங்குகிற எந்தப் பெட்டியையும் ஐந்து தடவை பார்க்கிற காலம் அது.

"இது தனியச் சத்தம் போடாது, தம்பி. கொம்பியூட்டரோட கொழுவினாத்தான் பாடும்" என்றேன். எனக்குச் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமான அளவுதான் வரும். நசீர் நானா மொழிபெயர்த்தார். நான் சொன்னது ஒரு வரி. அவர் சொன்னது ஒரு பிரசங்கம். நடுவில் "ரீச்சர்" என்றும் "கல்யாணம்" என்றும் இரண்டு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

பெடியன் திரும்பவும் கீபோட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் தெரிந்த நியாயத்தை நான் மறுக்க மாட்டேன். வாத்தியம் என்கிறீர்கள், சத்தம் இல்லை. அப்படியென்றால் உள்ளே என்ன இருக்கிறது?

அவன் தன் பெரியவரைக் கூப்பிடப் போனான். யோகன் என் காதுக்குள், "நான் அப்பவே சொன்னனான், ஆர்மோனியத்தைக் கொண்டு போவம் எண்டு" என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

அந்தப் பெரியவர் வந்து சேர்வதற்குள், இவ்வளவு சாமானையும் கட்டிக்கொண்டு நாங்கள் ஏன் குச்சவெளிக்குப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மான் தின்ற சுவர்

போன கிழமை இந்தப் பக்கத்தில் எங்கள் பாட்டறையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சில பிள்ளைகள், "கணினியில் பாட்டுச் செய்வது எப்படி, ஏதும் யோசனை சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது எல்லாம் நாங்கள் பட்டு அறிந்தவைதான். கதையோடு சேர்த்தே சொல்கிறேன், பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தேன். யோகன் ரேடியோ, டீவி திருத்துகிறவர். திருகோணமலையில் உட்துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் எங்கள் வாடகை வீடு. முன்னறையில் கணினியை வைத்து, பாட்டுப் பதிவு செய்கிறோம் என்று ஒரு பலகையும் தொங்கவிட்டோம். பலகையைப் பார்த்து முதலில் வந்தது கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்.

அறையில் சத்தம் எதிரொலிக்கக்கூடாது என்று யோகன் முட்டை அட்டைகளைச் சேர்த்துச் சுவர் முழுக்க ஒட்டினார். பசைக்குக் கோதுமை மாக் கூழ். ஒருநாள் கதவைப் பூட்ட மறந்து சந்தைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் முன்னறைக்குள் இரண்டு மான். எங்கள் ஊரில் மான்கள் மாடுகள் மாதிரித் தெருவில் திரியும், கடுதாசி கண்டால் விடாது. ஒரு சுவரை முடித்துவிட்டு மற்றச் சுவரில் பாதியில் நின்றன. ஒரு பெட்டை மான் வாயில் அட்டையோடு திரும்பி, நாங்கள்தான் அத்துமீறி நுழைந்தவர்கள் போலப் பார்த்தது.

அன்று பின்னேரமே ஒரு பாட்டுப் பதிய வேண்டியிருந்தது. பதிந்து கேட்டோம். முன்னரை விட மோசமாக இல்லை. முட்டை அட்டையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதை மான் எங்களுக்கு நிரூபித்தது. தடித்த துணிதான் சத்தத்தைக் குடிக்கும். மெத்தை, கம்பளி, சேலை அடுக்கிய அலுமாரி, இவை போதும்.

அடுத்தது பெயர் வைப்பது. யோகன் கோப்புகளுக்கு அன்றைக்குச் சாப்பிட்டதன் பெயரை வைப்பார். "புட்டு", "புட்டுக்குப் பிறகு", "இடியப்பம்", "இடியப்பம் சொதியோட". கேட்டால், "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்பார். மூன்று நாள் தொடர்ந்து புட்டு அவித்தபோது அந்த ஞாபகம் கவிழ்ந்தது. ஒரு பக்திப் பாட்டின் நடுவே ஐஸ்பழ வண்டி விளம்பரத்தின் தாளம் வந்து நின்றது. அதற்குப் பிறகு பாட்டின் பெயர், திகதி, எத்தனையாவது திருத்தம், இந்த மூன்றும் இல்லாமல் எதையும் சேமிக்கக்கூடாது என்று வீட்டுச் சட்டம் போட்டேன். தடங்களுக்கும் அப்படியே. ஒரு பாட்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனித் தடம் உண்டு. "தடம் ஏழு" என்று விட்டால் அடுத்த நாள் அது மத்தளமா மாமாவா என்று தெரியாது.

சேமிப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வரி முடிய ஒரு தடவை சேமியுங்கள். எனக்கு அது எவ்வளவு ஊறிப்போனதென்றால், வகுப்பில் பிள்ளை ஒன்று நன்றாகப் பாடினாலே என் இடக்கை விரல் இரண்டு, சேமிக்கிற கட்டைகளைத் தேடி, மேசையில் தானாகப் போய் அமரும்.

ஒரு மைக், இரண்டு பேர்

சுகந்தி என்னிடம் படித்தவள். ஆஸ்பத்திரியில் வேலை. இடப்பெயர்வும் அலைச்சலுமாகக் கல்யாணப் பேச்சு ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாகப் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை கிளிவெட்டிப் பக்கம், தபால் கந்தோரில் வேலை. அவள் வந்து கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னாள்.

"ரீச்சர், கலியாணத்தில போட ஒரு பாட்டு வேணும். என்ர ரெண்டு அண்ணமாரும் சேந்து பாட வேணும்."

"பாடட்டுமே. அதுக்கென்ன?"

"அவையள் ரெண்டு பேரும் கதைக்கிறேல்ல."

மூத்தவர் தருமு அண்ணை, குச்சவெளியில் வள்ளம் வைத்திருக்கிறார். இளையவர் குணம், திருகோணமலையில் இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை. ஒரு காலத்தில் இரண்டு பேரும் கோயில் திருவிழாக்களில் சேர்ந்து பாடியவர்கள். ஒருநாள் மேடையில் இருந்தது ஒரே ஒரு மைக். தருமு அண்ணை அதைத் தன் பக்கம் இழுத்தார் என்பது குணத்தின் கட்சி. குணம் வாய்க்குள் விழுங்கப் பார்த்தான் என்பது தருமு அண்ணையின் கட்சி. இழுபறியில் மைக் கம்பி சாய்ந்து மிருதங்கக்காரரின் தலையில் விழுந்தது. அன்று இறங்கியவர்கள் பல வருசமாக ஒரு சொல் பேசவில்லை. இடையில் யுத்தத்தில் ஊரே இரண்டு தடவை இடம்பெயர்ந்தது. ஒரே முகாமில் இருந்தபோதும் சுகந்தியைத் தூது விட்டுத்தான் உப்புக் கேட்டார்களாம்.

"அவையளை ஒரு அறைக்குள்ள வைக்க ஏலாது ரீச்சர். ஆனா உங்கட மிசினில தனித்தனியாப் பாட வைச்சு ஒட்டலாம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஒட்டலாம்" என்றார் யோகன் உள்ளேயிருந்து. அவர் எதையும் ஒட்டலாம் என்பார்.

சுகந்தி கண்ணைத் துடைத்தாள். "எனக்கு அம்மா அப்பா இல்லை. இவையள் ரெண்டு பேரும் பந்தலின்ர ரெண்டு மூலையில நிப்பினம். பாட்டிலயாவது சேந்து நிக்கட்டும்."

பாட்டு வரிகளை மாப்பிள்ளையே எழுதியிருந்தார். தபால் கந்தோர்க்காரர் என்பது வரிக்கு வரி தெரிந்தது.

"வருக சுகந்தி, விரைவாய் வருக" என்று தொடங்கியது. தந்திதான். ஆனால் இரண்டாவது சரணத்தில், "இருவர்க்கும் இனிமேல் முகவரி ஒன்றே" என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்துவிட்டு நான் யோகனைப் பார்த்தேன். அவர் திருகாணி தேடிக்கொண்டிருந்தார்.

தம்பி பாடுகிறார்

பாடகரைக் கூப்பிடுவதற்கு முதல் இரண்டு விசயத்தை முடித்து வைக்க வேண்டும். ஒன்று சுருதி, மற்றது வேகம். இரண்டையும் கணினியில் பூட்டிவிட்டு, டிக் டிக் என்று தாளம் தட்டுகிற கிளிக் சத்தத்தைப் பாடகரின் காதுக்குள் விட வேண்டும். தனித்தனியாகப் பாடுகிறவர்களை ஒட்ட அதைத் தவிர வேறு பசை இல்லை.

மெட்டுக்கு நான் ஒரே நாளில் வழி பண்ணிவிட்டேன். யோகன் மத்தளச் சத்தம் தெரிவு செய்ய ஒரு கிழமை எடுத்தார். எங்களிடம் இருந்த சிடியில் மத்தளம் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, "இது கொஞ்சம் ஈரமா இருக்கு", "இது கோவிச்சுக்கொண்ட மாதிரி இருக்கு" என்று தள்ளினார். கடைசியில் முதலாவதாகக் கேட்டதையே எடுத்தார். பிள்ளைகளே, நல்லதாகப் பத்துச் சத்தத்தைப் பொறுக்கி ஒரு பக்கம் வையுங்கள். வெறும் தடங்களோடு ஒரு பாட்டுச் சட்டகத்தையும் தயாராக வைத்திருங்கள். மெட்டு மனதில் சூடாக இருக்கும்போது மத்தளம் தேடிக்கொண்டிருந்தால் மெட்டு ஆறிவிடும்.

குணம் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தார். குரல் பதிவுக்கு ஏன் எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. நல்ல குரல். ஆனால் கிளிக் சத்தத்தைப் பகையாளியாகப் பார்த்தார்.

"இது என்னை விரட்டுது ரீச்சர்."

"விரட்டேல்ல. கூட நடக்குது. நீங்கள்தான் ஓடுறியள்."

பாடத் தொடங்கியதும் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. எங்கள் சுருதிக்குக் கொஞ்சம் கீழே, பொறாமை பிடித்த தம்புரா மாதிரி. குணம் நிறுத்தப் பார்த்தார். நான் கையைக் காட்டி ஓடவிட்டேன். ஒரு வரி கெட்டால் முழுப் பாட்டையும் நிறுத்தக்கூடாது. பாடகருக்கு வந்த வேகம் போய்விடும். பிறகு அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பாடவைத்துப் பொருத்தலாம். கெட்டதையும் அழிக்காமல் பக்கத்தில் வைத்திருங்கள்.

இன்னொரு தடவை நல்ல இடத்தில், குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர்த் திசையில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. திரையில் அலை ஒரு குத்துக் குத்தி இறங்கியது. யோகன் அதை உற்றுப் பார்த்து, "நாலாவது அடிக்குக் கொஞ்சம் முந்தி விழுந்திட்டுது" என்றார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் யோகன் எழும்பி யன்னலைச் சாத்தினார். குணம் தேத்தண்ணி கேட்டார்.

போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "ரீச்சர், அண்ணரின்ர குரல் கொஞ்சம் பெருத்த குரல். அதைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ. எல்லாம் தங்கச்சியின்ர நன்மைக்குத்தான்."

தருமு அண்ணை இன்னும் வாயே திறக்கவில்லை.

திறக்க மறுத்தார் என்பதுதான் உண்மை. சுகந்தி போய்க் கேட்டதற்கு, "அவன் துப்பின மைக்கில நான் பாடமாட்டன். அவன் மிதிச்ச அறைக்கும் வரமாட்டன்" என்றாராம். வேறு மைக்கைத் திருத்திக்கொண்டு நாங்களே அவர் வீட்டுக்கு வருகிறோம் என்றோம். அப்படித்தான் நசீர் நானாவின் ஓட்டோவில் ஏறினோம்.

சாவடியில் ஒரு கச்சேரி

சாவடிப் பெரியவர் வந்தார். மீசை வைத்த, நித்திரை குறைந்த மனிதர். ஓட்டோவைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். கொஞ்சம் தமிழ் தெரியும்.

"பாட்டு மிசின்?"

"ஓம் சேர்."

"பாடச் சொல்லு."

எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். சாவடிக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்றில் மின்சாரம் இருந்தது. மணல் மூட்டை மேல் கணினியை வைத்து யோகன் வயர்களைக் கொழுவினார். ஏழெட்டுப் பெடியன்கள் துவக்கோடு சுற்றி நின்றார்கள். எங்கள் கணினி எழும்புவதற்கு எப்போதும் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுக்கும். அன்றைக்கு ஒரு சாப்பாட்டு நேரம் எடுத்த மாதிரி இருந்தது. அது உறுமுவதும் நிற்பதுமாக இருக்க, ஒரு பெடியன் இரண்டடி பின்னால் போனான்.

கடைசியில் பாட்டுத் திறந்தது. யோகன் ஓடவிட்டார். குழல் வந்தது. மத்தளம் வந்தது. "வருக சுகந்தி, விரைவாய் வருக" என்று குணம் பாடினார். பெரியவரின் புருவம் இறங்கியது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது பாட்டு நின்றது. மத்தளம் மட்டும் தட்டிக்கொண்டிருக்க, குரல் இல்லை. இரண்டாவது வரி தருமு அண்ணையுடையது. அதை வெறுமையாக விட்டிருந்தோம்.

"ஏன் சத்தம் இல்லை?" புருவம் திரும்ப ஏறியது.

"அது அண்ணரின்ர இடம், சேர். அவர் இன்னும் பாடேல்ல."

"ஏன் ரெண்டு பேர் ஒண்டாப் பாடல்ல?"

நான் யோகனைப் பார்த்தேன். யோகன் நசீர் நானாவைப் பார்த்தார். நசீர் நானா சிங்களத்தில் மைக் கதையை முழுதாகச் சொன்னார், மிருதங்கக்காரரின் தலை உட்பட. கையாலே இழுத்துக் காட்டினார், தலையைப் பிடித்துக் காட்டினார். முதலில் பெடியன்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்து, மீசை துடித்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல் மூட்டையில் இருந்துவிட்டார்.

"மகே மல்லித் எஹெமய்" என்றார் கண்ணைத் துடைத்தபடி. என் தம்பியும் இப்படித்தான் என்று நசீர் நானா சொன்னார். எதற்குச் சண்டை என்று கேட்டோம். ஒரு பெட்டைக் கோழி என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

கீபோட்டைக் கொழுவிக் காட்டினோம். முதலில் அதைச் சோதித்த பெடியன் வந்து ஒற்றை விரலால் ஒரு கட்டையை அமத்தினான். குழல் ஊதியது. அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான். பிறகு மெல்ல, அவனுடைய ஊர்ப் பாட்டோ என்னவோ, தட்டித் தட்டி ஒரு வரியைக் கண்டுபிடித்தான். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றோம். திரும்ப ஏற்றும்போது கண்ணாடித் திரையை அவன்தான் தூக்கி என் மடியில் வைத்தான்.

அலுமாரிக்குள் அண்ணன்

தருமு அண்ணையின் வீட்டில் கடற்காற்று நாலு பக்கமும் விசிலடித்தது. கோழி, காகம், கரையில் வள்ளம் இழுக்கிறவர்களின் ஏலேலோ. மைக் எல்லாவற்றையும் அன்போடு வாங்கிக்கொண்டது.

யோகன் வீடு முழுக்கக் கை தட்டிக்கொண்டு நடந்தார். கை தட்டினால் எங்கே சத்தம் திரும்பி வருகிறது, எங்கே வரவில்லை என்று தெரியும். படுக்கையறையில், அண்ணையோடு அதே வீட்டில் இருக்கும் சுகந்தியின் பெரிய மர அலுமாரி. கதவைத் திறந்து உள்ளே தட்டினார். செத்த சத்தம்.

"அண்ணை, இதுக்குள்ள ஏறுங்கோ."

"எதுக்குள்ள?"

தருமு அண்ணை கடலில் அலைந்து வளர்ந்த உடம்பு. கீழ்த் தட்டைக் கழற்றி, கூறைச் சேலைகளுக்கு நடுவே அவரை நிறுத்தினோம். வயிறு வெளியே நின்றது. கதவை வயிற்றின் மட்டும் சாத்தினோம். காதுக்குக் கேட்பொறி மாட்டிவிட்டு, தம்பியின் தடத்தை ஓடவிட்டேன். அலுமாரி குலுங்கியது.

"நிப்பாட்டு! அவன்ர குரல் என்ர காதுக்க வரக்கூடாது!"

"அது கேளாட்டி எப்பிடி அண்ணை சேந்து பாடுவியள்?"

"அந்த டிக் டிக் போதும். அது மரியாதையாக் கதைக்குது."

குணத்தின் தடத்தை ஊமையாக்கினேன். வெறும் கிளிக்கும் குழலும் மட்டும். பாடத் தொடங்கினார். பிள்ளைகளே, நான் படித்த காலத்திலிருந்து நல்ல குரல்கள் நிறையக் கேட்டிருக்கிறேன். அலுமாரிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலுக்கு நான் கைவேலையை விட்டுவிட்டு நின்றேன்.

"இருவர்க்கும் இனிமேல் முகவரி..." என்று வந்தபோது சேலைக்கு வைத்த பூச்சி உருண்டை வேலை காட்டியது. ஒரு தும்மல். கதவு இரண்டும் திறந்துகொண்டன. வெளியே கோழிகள் பறந்தன. மூன்று தடவை பாடினார், மூன்று தடவையும் "ஒன்றே" வருமுன் தும்மினார். பூச்சி உருண்டைகளைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டுப் பாடவைத்தோம். நல்ல துண்டுகளை மட்டும் வெட்டிச் சேர்த்துக்கொண்டோம். வெட்டுவதற்கு முதல் முழுத் தடத்தையும் ஒரு பிரதி எடுத்து வைக்க மறக்காதீர்கள். ஆத்திரத்தில் வெட்டிய தும்மலோடு ஒரு நல்ல மூச்சும் போய்விடும்.

புறப்படும்போது அவரும் ஓட்டோ வரைக்கும் வந்தார். "ரீச்சர், சின்னவன்ர குரல் ஒரு கீச்சுக் குரல். கொஞ்சம் பதிச்சு விட்டால் கேக்கிறவைக்கு நல்லம்."

நசீர் நானாவின் காது

எங்கள் ஏழைக் கணினி எல்லாத் தடங்களையும் ஒன்றாகத் தூக்க மறுத்தது. பாதியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்கு வழி, முடிந்த வாத்தியங்களை ஒவ்வொன்றாக ஒலிக்கோப்பாக மாற்றிப் போட்டுவிட்டு, எதிரொலி சேர்ப்பது மாதிரிப் பின்னணியில் உழைக்கிற மெருகு வேலைகளை நிறுத்துவது. இன்றைக்குப் பெரிய கணினி வைத்திருக்கிறவர்களும் இதைச் செய்யலாம். மத்தளத்தைத் திரும்பத் திரும்ப நோண்டுகிற வியாதியும் அதோடு நிற்கும். யோகனுக்கு நின்றது.

குரல்களைச் சமப்படுத்தும்போது ஒலியைக் குறைத்து வையுங்கள், பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவுக்கு. உரக்கப் போட்டால் எல்லாமே நல்லதாகத்தான் கேட்கும். அரை மணிக்கொரு தடவை எழும்பிப் போய் வேறு வேலை பாருங்கள். நான் மீன் வெட்டினேன்.

இரண்டு பேரும் மாறி மாறி ஆள் அனுப்பினார்கள், குரலைக் கூட்டச் சொல்லி. ஒருநாள் குணம் நேரே வந்து பக்கத்தில் இருந்துவிட்டார். யோகன் மேசையில் இருந்த ஒரு குமிழைக் காட்டி, "இதுதான் உங்கட குரல். விருப்பம் போலத் திருப்புங்கோ" என்றார். குணம் மெல்லத் திருப்பினார். கண்ணை மூடிக் கேட்டார். "இப்ப சரி. இப்பத்தான் பாட்டு எழும்பி நிக்குது" என்றார். அந்தக் குமிழ் ஒரு பழுதான ரேடியோவினுடையது. எதோடும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

கடைசிச் சோதனை நசீர் நானாவின் ஓட்டோவில் இருந்த பாட்டுப் பெட்டி. நல்ல ஒலிபெருக்கியில் நன்றாகக் கேட்பது பெரிய விசயமில்லை. இயந்திரம் இரைய, ரோட்டில் குலுங்கக் குலுங்க வரிகள் விளங்கினால்தான் குரலும் வாத்தியமும் சேர்ந்த கலவை சரி. கடற்கரை வீதியில் ஒரு சுற்றுப் போனோம்.

"எப்பிடி நானா?"

"பாட்டு நல்லம் ரீச்சர். மூத்தவர் முன்சீற்றில இருக்கிறார், இளையவர் பின்சீற்றில இருக்கிறார்."

வீட்டுக்கு வந்து குணத்தின் குரலைக் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டு வந்தோம். அடுத்த சுற்றில் நானா, "இப்ப ரெண்டு பேரும் முன்சீற்றில. எனக்குத்தான் இடமில்லை" என்றார். அதோடு கை எடுத்தோம்.

பந்தல்

கல்யாணம் குச்சவெளியில், சுகந்தியின் வீட்டு முற்றத்தில். தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்ததும் பாட்டைப் போடுவது என்று ஏற்பாடு. தருமு அண்ணை பந்தலின் கிழக்கு மூலையில், குணம் மேற்கு மூலையில். இருவரும் பட்டு வேட்டி. இருவரும் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குழல் வந்தது. குணம் பாடினார். தருமு அண்ணையின் முகம் கல்லு மாதிரி இருந்தது. பிறகு அவருடைய வரி வந்தது. குணம் நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு குரலும் சேர்ந்து எழும்பியது. ஒருவரை ஒருவர் கேளாமல், வெறும் டிக் டிக்கை நம்பிப் பாடியவர்கள். அதைக் கேட்டால் ஒரே மூச்சில் பாடிய மாதிரி இருந்தது. சமையல் கொட்டிலில் கரண்டிச் சத்தம் நின்றது. மாப்பிள்ளை தன் வரிகளைத் தானே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். சுகந்தி தலை நிமிரவில்லை, தோள் குலுங்கியது.

"வருக சுக... சுக... சுக... சுக... சுக..."

சிடி சிக்கிக்கொண்டது.

"சுக... சுக... சுக..." இரண்டு அண்ணன்மாரும் தங்கச்சியின் பேரின் பாதியைச் சேர்ந்து விக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது. யோகன் பாய்ந்து போய் இயந்திரத்துக்கு ஒரு தட்டுத் தட்டினார். அது இன்னும் வேகமாகச் "சுகசுகசுக" என்றது. ஒலிபெருக்கிக்காரர் பயந்து வயரையே பிடுங்கினார்.

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தை நான் விளக்க மாட்டேன்.

அப்போது கிழக்கு மூலையிலிருந்து, மைக் இல்லாமல், "வருக சுகந்தி..." என்று தருமு அண்ணை விட்ட இடத்திலிருந்து எடுத்தார். அதே நேரம் மேற்கு மூலையிலிருந்து குணமும் எடுத்தார். ஆனால் சேரவில்லை. ஒருவர் "வருக" என்னும்போது மற்றவர் "விரைவாய்" என்றார். ஒருவர் மூச்செடுக்க மற்றவர் நீட்டினார். இரண்டு மாட்டு வண்டி ஒரே ஒழுங்கையில் எதிரும் புதிருமாக வந்த மாதிரி. ஒரு வரி, இரண்டு வரி. மூன்றாவது வரியில் தருமு அண்ணை பாட்டை நிறுத்தினார். கையை நீட்டினார்.

"டேய், முந்திப் போறாயடா!"

குணம் திரும்பினார். "நானோ? நீங்கள்தான் இழுக்கிறியள்! எப்பவும் இழுக்கிறனியள்!"

"நான் இழுக்கிறனோ? தாளம் தெரியாத உனக்கு..."

"மூண்டாம் அடியில விடுறதை நாலாம் அடியில விடுறியள். அண்டு தொட்டு அதுதானே பிழை!"

இரண்டு பேரும் பேசப் பேசப் பந்தலின் நடுவுக்கு வந்துவிட்டார்கள். விரலை ஆட்டி ஆட்டி, முகத்துக்கு முகம். ஒரு கிழவி, "ஐயோ, அடிபடப் போறாங்கள்" என்றாள். எனக்குப் பக்கத்தில் நின்ற சுகந்தியின் மச்சாள்மார் இருவர் அழத் தொடங்கினார்கள். பிறகு எல்லாருக்கும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. பல வருசத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கும் பிடிபட்டது. பேச்சு நடுவில் நின்றது. குணத்தின் விரல் காற்றில் அப்படியே நின்றது. எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணை!" என்றாள் சுகந்தி மணவறையில் இருந்தபடியே. "ரெண்டு பேரும் முதல்ல இருந்து பாடுங்கோ. சேந்து பாடி முடிக்கும் மட்டும் ஒருத்தருக்கும் சாப்பாடு இல்லை."

தருமு அண்ணை தொண்டையைச் செருமினார். தம்பியைப் பார்க்காமல் தன் தொடையில் தாளம் போட்டார். குணம் அந்தக் கையைப் பார்த்தார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்றார் மூத்தவர்.

இந்த முறை கிட்டத்தட்டச் சேர்ந்தது. முழுக்கச் சேர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது சரணத்தில் குணம் முந்தினார், தருமு அண்ணை இழுத்தார். இருவரும் சரணத்தின் நடுவிலேயே ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு பாடினார்கள்.

யோகன் என் பக்கத்தில் வந்து நின்றார். வியர்த்துப் போயிருந்தார். சட்டைப் பையிலிருந்து இன்னொரு சிடியை எடுத்தார். எப்போதும் இரண்டு பிரதி எடுக்கிற மனிதர், முதல்நாளே சோதித்துப் பார்த்த நல்ல பிரதி. ஒலிபெருக்கிக்காரரும் வயரைத் திரும்பக் கொழுவிவிட்டுத் தயாராக நின்றார். எங்கள் கிழமைக்கணக்கான வேலை முழுக்க அந்தத் தட்டில் இருந்தது. சுத்தமான சுருதி, பிசகாத தாளம், ஒரு தும்மல் கூட இல்லை.

"போடட்டோ?" என்றார்.

நான் தலையாட்டி மறுத்தேன். யோகன் கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டார். பிறகு சிடியைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, பிந்துகிற அண்ணருக்கும் முந்துகிற தம்பிக்கும் நடுவிலான ஏதோ ஒரு வேகத்தில் கையால் தட்டத் தொடங்கினார்.